பின்னால் போகிறவர்

பிலோமி டீச்சர் தன் புருஷனைப் பின்தொடரச் சொல்லிக் கேட்டபோது லோகநாதனின் வாயில் முக்கால் இட்லி இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவன் கண்களை மட்டும் உருட்டினான்.

"சாயந்தரமானா போதும் தம்பி. குளிச்சு, பவுடர் போட்டு, இஸ்திரி சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாரு. எங்கன்னு கேட்டா 'சும்மா காத்தாட'ங்கறாரு. திரும்பி வந்தா மேலெல்லாம் ஒரு தைல வாசனை. நம்ம தண்டையார்பேட்டைக் காத்துல எண்ணெய் டேங்க் வாடைதான வரும், தைல வாசனையா வரும்?"

"டீச்சர், அது வந்து..."

"நீ கம்முனு இருயா," என்று சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள் சங்கமித்ரா. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்த மனைவி. "டீச்சர், இதெல்லாம் அவருக்கு ஜுஜுபி. எத்தினி பெரிய ஆளுங்க பின்னாலயே போறவரு! உங்க வூட்டுக்காரரு எம்மாத்திரம்?"

இட்லி ஒருவழியாக உள்ளே போய்த் தொண்டையில் நின்றுகொண்டது. லோகநாதன் தன் வாழ்நாளில் யார் பின்னாலும் போனதில்லை. அத்திப்பட்டுப் பக்கம் ஒரு மத்திய காவல் படை முகாமில் அவன் சமையல்காரன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் யாரிடமும் பொய் சொல்லவில்லை. அந்தப் படையில் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குத்தான் விதவிதமான பதவிப் பெயர்கள். சமைக்கிறவர், துணி வெளுக்கிறவர், முடி வெட்டுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ஃபாலோயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்கே அது விளங்கவில்லை. கூடச் சமைக்கும் பஷீர் பாயிடம் கேட்டான்.

"அந்தக் காலத்துல பட்டாளம் சண்டைக்குப் போச்சுன்னா துப்பாக்கிக்காரன் முன்னால போவான்," என்றார் பஷீர் பாய். "அவனுக்குத் துன்னக் குடுக்க அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, கழுதை எல்லாம் பின்னாலயே போவும். அந்தப் பின்னால போற கும்பலுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேருதான் ஃபாலோயர். வெள்ளைக்காரன் பூட்டான், கழுதையும் பூட்ச்சு. நாம மட்டும் கீறோம்."

பெண் பார்க்கப் போன அன்று சங்கமித்ராவின் அப்பா பீம்ராவ், "மாப்ளைக்கு இன்னா வேலை?" என்று கேட்டார். "போலீஸ் கேம்புல ஃபாலோயர் சார்," என்றான் லோகநாதன், உள்ளது உள்ளபடி.

பீம்ராவுக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. எதிர்வீட்டிலிருந்து பலகாரத் தட்டு எடுத்து வைக்க வந்திருந்த பிலோமி டீச்சர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவர். அவர் முன்னால் வந்து பாடம் நடத்தினார்.

"ஃபாலோன்னா பின்னால போறது. ஃபாலோயர்னா பின்னால போறவர். போலீஸ்ல, பின்னால போறவர்னா..."

அதற்கு மேல் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

பீம்ராவ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "இனிமே இத பத்தி இந்த வூட்டுல எவனும் வாயத் தொறக்கக் கூடாது," என்றார். வீட்டில் யாரும் திறக்கவில்லை. அவர் மட்டும் ஹவுசிங் போர்டு பிளாக் முழுக்கக் கதவு கதவாகத் தட்டி, தாழ்ந்த குரலில், இதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டு வந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று லோகநாதன் முயற்சி செய்யாமலில்லை. கல்யாணமாகி அதே பிளாக்கின் மாடியில் குடிவந்த வாரத்திலேயே, பஷீர் பாய் சொன்ன பட்டாளக் கதையைச் சங்கமித்ராவிடம் ஆரம்பித்தான். "ஃபாலோயர்னா பட்டாளத்துக்குப் பின்னால போறவங்க..." என்று சொல்லும்போதே அவள் கண்கள் விரிந்துவிட்டன. "ஐயோ! பட்டாளத்தையே வேவு பாப்பியா?" என்றாள். அவனை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. முகாமில் அவனைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அவன் கையிலிருக்கும் கரண்டியைத்தான் பார்ப்பார்கள். அண்டாவும் கழுதையும் அவன் வாய் வரை வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டன.

இன்னொரு நாள் சட்டையை மோந்துவிட்டு, "இன்னாயா இது, ஒரே வெங்காய வாடை? இன்னிக்கி காய்கறிக்காரன் வேசமா?" என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள். அவன் "உம்" என்றான். அந்த "உம்" தான் அவன் சொன்ன முதல் பொய். அதற்குப் பிறகு ரயிலில் அத்திப்பட்டு போய்த் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய் கூடவே வந்தது. இப்போது டீச்சர் வேறு எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"பாக்கறேன் டீச்சர்," என்றான். இரண்டு தெரு பின்னால் போய்விட்டு, ஆள் தப்பிவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு.

மறுநாள் சாயந்தரம் டீச்சரின் புருஷன் லூயிஸ் தலையில் தொப்பியோடு கிளம்பினார். ஒல்லியான மனிதர். ஒரு கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். தெருமுனையில் பஸ் ஏறினார். லோகநாதன் பின்வாசலில் ஏறினான். பருத்த உடம்பு, பஸ்ஸே அவன் பக்கம் சாய்ந்ததைப் போல அவனுக்குத் தோன்றியது.

"எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? குனிந்து கண்டக்டரின் காதோடு சொன்னான். "முன்னால தொப்பி போட்டுகினு நிக்கிறாரே, அவரு எங்க எறங்கறாரோ அங்க ஒண்ணு."

கண்டக்டர் விசில் ஊதிப் பழகிய தொண்டையைத் திறந்தார். "தொப்பி சார்! யோவ், தொப்பி சார்! நீங்க எங்க எறங்கறீங்க? பின்னால ஒருத்தரு உங்க ஸ்டாப்பிங்குக்குத்தான் டிக்கெட் கேக்கறாரு!"

பஸ் மொத்தமும் திரும்பியது. லூயிஸும் திரும்பினார். லோகநாதனைப் பார்த்ததும் அவர் முகத்தில் போட்டிருந்த பவுடருக்கு மேல் இன்னொரு வெளுப்பு ஏறியது.

ராயபுரம் கல்மண்டபத்தில் லூயிஸ் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அப்போதே திரும்பியிருந்தால் லோகநாதனுக்கு எந்தத் தொல்லையும் வந்திருக்காது. ஆனால் இவ்வளவு பேர் முன்னால் மானம் போன பிறகு, மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று அவனும் பின்னாலேயே ஓடினான். ஓட ஓட லூயிஸ் இன்னும் வேகமாக ஓடினார். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள், ஒரு சின்னக் கடையின் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே விழ, இவனும் அவர் மேலேயே விழுந்தான்.

உள்ளே நாற்காலியில் மூன்று பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் தலையிலும் பச்சை நிறத்தில் ஏதோ அரைத்து அப்பியிருந்தது. சுவரில், முடி கொட்டிய தலையில் முடி முளைக்க வைக்கும் மூலிகைத் தைலத்துக்கான விளம்பரம். லூயிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கெஞ்சினார். அவர் உச்சந்தலை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது.

"சார், உங்க அத்திப்பட்டு கேம்புல வைத்தியர் மேல கேஸா சார்? என்னையும் சாட்சிக்கு இழுப்பீங்களா? பேப்பர்ல என் போட்டோ போடுவாங்களா? முன்னால ஒண்ணு, அப்பால ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ போடுவாங்களா?"

நேற்று வரை "இன்னா லோகு" என்று கூப்பிட்டவர்.

"லூயிஸ் அண்ணா, நான் போலீஸ் இல்லண்ணா."

"புரியுது சார். நீங்க போலீஸ் இல்ல. நானும் உங்களப் பாக்கல."

தைலக் கிண்ணத்தோடு நின்றிருந்த வைத்தியர் அதைக் கீழே வைத்தார். "போலீசா?" என்றார். லோகநாதன் "இல்லை" என்று தலையாட்டிய வேகத்தைப் பார்த்து அவர் முழுக்க நம்பிவிட்டார். மூன்று பச்சைத் தலைகளையும் அப்படியே வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துச் சாத்தினார்.

சந்தில் நின்று லூயிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பிலோமியாண்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். வர்ற மாசம் எங்க கல்யாண நாளு. அதுக்குள்ள கொஞ்சமாச்சும் மொளைச்சா அவ முன்னால தொப்பி இல்லாம நிக்கலாம்னு பாத்தேன். இப்ப தெரிஞ்சா ஸ்கூல் பூரா சிரிக்கும்."

லோகநாதனுக்கு மனசு கரைந்துவிட்டது. சத்தியம் செய்து கொடுத்தான்.

வீட்டுப் படியேறும்போதே டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். "எங்க போறாரு?"

"அண்ணன் தங்கமானவரு டீச்சர். ஒண்ணும் பயப்படாதீங்க."

"அது இருக்கட்டும். எங்க போறாரு?"

"அத மட்டும் நான் சொல்ல முடியாது."

இதைவிட மோசமான பதில் ஒன்று உலகத்தில் இல்லை என்பது, டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. உள்ளே முழு வஞ்சிரம். அதற்கு அடுத்த நாள் நண்டு. அதற்கும் அடுத்து, காசிமேட்டில் அன்றைக்கு இறங்கிய இறால். எல்லாம் லூயிஸின் உபயம். திருப்பிக் கொடுக்கப் போனால், "பத்தலையா சார்?" என்று கேட்டு அவர் மறுநாள் இரண்டு பையாக வைத்தார். சங்கமித்ரா இறாலை உரித்தபடி, "பரவால்லயே, உனுக்கு நல்ல மரியாத!" என்றாள். லோகநாதன் இறாலைத் தொடவில்லை. மூன்றாவது நாள், மாடிப்படியில் நின்று தன் புருஷன் பை வைப்பதைப் பிலோமி டீச்சர் கண்ணாலேயே பார்த்தார்.

இந்தக் கவலையில் உருகிக்கொண்டிருந்தபோது முகாம் சமையற்கட்டில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் வால்டர். அந்த வாரம்தான் உதவிக்கென்று வந்து சேர்ந்திருந்த முப்பது வயது ஆள். வெங்காயம் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொள்வான். ஆனால் காது கொடுத்துக் கேட்பதில் அவனைப் போல ஒருவன் கிடையாது. பஷீர் பாய் பாதிக் கதையிலேயே எழுந்து தொழுகைக்குப் போய்விடுவார். வால்டரோ, "அப்பால இன்னா ஆச்சுண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். லோகநாதன் பெண் பார்க்கப் போனதிலிருந்து இறால் வரைக்கும் எல்லாவற்றையும் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தான்.

"பேஜாருதாண்ணா," என்றான் வால்டர். "பேசாம உண்மைய சொல்லிடுங்க. வேணும்னா நானும் கூட வரேன்."

அன்று மத்தியானம் பஷீர் பாய் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார். பருப்பைக் கிளறியபடியே சொன்னார்.

"கேட்டியா லோகு? ராயபுரத்துல எவனோ ஒரு பேமானி, நம்ம கேம்ப் ஆளுன்னு சொல்லிகினு ரகசியப் போலீஸ் வேசத்துல சுத்தறானாம். ஒரு வைத்தியரு புகார் குடுத்துகிறாரு. மேலிடத்துல தனியா ஆள் போட்டு விசாரிக்கிறாங்களாம். மாட்டுனான்னா வேலையும் காலி, ஜெயிலும் கேரண்டி."

லோகநாதனின் கையிலிருந்த கரண்டி பருப்பு அண்டாவுக்குள் முழுகிப் போனது. அதைத் தேடி எடுக்காமலே வெளியே போனான். அவன் சமையற்கட்டின் பின்பக்கம், வால்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"வால்டர், அது நான்தான்டா. எவனாவது என் பின்னால வரானான்னு கொஞ்சம் பாத்துக்கடா."

"நான் உங்க பின்னாலயே கீறேண்ணா. பயப்படாதீங்க."

சொன்னபடியே அவன் அன்று ரயிலில் தண்டையார்பேட்டை வரை கூட வந்தான். வழியெல்லாம் லோகநாதன், பேப்பர் படிக்கிறவனையும் சுண்டல் விற்கிறவனையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். எண்ணூரில் ஏறிய ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரரைப் பார்த்து அவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று வால்டர்தான் விசாரித்துவந்து சொன்னான்.

வீட்டில் பீம்ராவ் காத்திருந்தார். உட்காரவில்லை. ஒரு ஓரத்தில் டீச்சரும், இன்னொரு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கமித்ராவும். நடுவில், அன்றைய பை. உள்ளே கொடுவா மீன்.

"இன்னாது இது?"

"மீன், மாமா."

"பேரு லஞ்சம்," என்றார் பீம்ராவ். திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் யூனியன் வேலை பார்த்தவர். நிர்வாகத்தின் பக்கமிருந்து ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை என்று பேர். "லூயிஸ் எவ வூட்டுக்கோ போறான். நீ கண்டுபுடிச்சே. சொல்லாம கீறதுக்கு மீன் வாங்கறே. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு எதிரா எத்தினி ஊர்வலம் போயிகிறேன் தெரியுமா? எம் பொண்ண இட்டுகினு நான் கீழ போறேன்."

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தான்.

"மாமா, நான் போலீசே இல்ல. சமையல்காரன்."

பீம்ராவ் கைதட்டினார். "பாத்தியா டீச்சர்? மாட்டுனதும் ஆளே மாறிட்டான்!"

"சத்தியமா மாமா! ஃபாலோயர்னாலே சமையல்காரந்தான்!"

"எனக்கே இங்கிலீஷா?" என்றார் டீச்சர்.

லோகநாதன் ஓடிப்போய் அடையாள அட்டையை எடுத்துவந்து நீட்டினான். டீச்சர் வாங்கி உரக்கப் படித்தார். "பதவி: ஃபாலோயர்." அவ்வளவுதான் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் ரத்த வகை இருந்தது.

சங்கமித்ரா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சமையல்காரன்னா எனக்கு இன்னா கொறச்சல்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அடுப்பாண்ட வந்துகிறியாயா நீ? ஒரு வெங்காயம் உரிச்சிகிறியா?"

"அங்க நாள் பூரா உரிக்கிறேன். இங்கயும் உரிக்கணுமா?"

"உரிச்சிருந்தா இன்னிக்கி நம்பியிருப்பேன்," என்றாள் அவள். "பொய்யா சொல்லு, நெசமா சொல்லு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாத்தி மாத்தி சொல்லாத."

பீம்ராவ் நியாயமான மனிதர். விசாரிக்காமல் யாரையும் வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்று கோஷம் போட்டவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி. ஞாயித்துக்கிழமை. பிளாக்குல நாலு பேரு முன்னால ஆக்கிக் காட்டு. உங்கூட வேலை செய்யறவன் ஒருத்தன சாட்சிக்கு இட்டா. சமையல்காரனுக்குப் பக்கத்து வூட்டுக்காரன் மீன் குடுத்தா அது பழக்கம். போலீசுக்குக் குடுத்தா லஞ்சம். நீ யாருன்னு தெரிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை, பிளாக்கின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். நாலு பேர் என்று சொன்னது நாற்பது பேராகியிருந்தது. வேடிக்கை பார்க்கத்தான் நாற்பது. சாப்பாடு பன்னிரண்டு பேருக்குப் போதும் என்று பீம்ராவ் ஒரு குண்டானை எடுத்து வைத்தார்.

அந்தக் குண்டானைப் பார்த்ததும் லோகநாதனுக்குப் பகீரென்றது. அவன் இருநூறு பேருக்குக் குறைந்து சமைத்ததே கிடையாது. பருப்பைத் துடுப்பு போட்டுக் கிண்டித்தான் பழக்கம். உப்பை அள்ளித்தான் பழக்கம். இந்தக் குண்டான் அவன் முகாமில் தாளிக்கிற கிண்ணத்தின் அளவு இருந்தது.

"பயப்படாதீங்கண்ணா," என்றான், சாட்சிக்கு வந்து தொட்டித் திட்டில் உட்கார்ந்திருந்த வால்டர்.

வெங்காயத்தில் ஆரம்பித்தான். அதில் குறை சொல்ல முடியவில்லை. கத்தி போன வேகத்தில் நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். "சமையல்காரருதான் போல," என்று யாரோ சொன்னார்கள். லோகநாதனுக்கு உயிர் திரும்பியது. அதற்குள் லூயிஸ் முந்திக்கொண்டார். நல்லது செய்கிற நினைப்பு அவருக்கு.

"சாருக்கு இதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்துருப்பாங்க. எந்த வேசம் போட்டாலும் அச்சா பொருந்தணும்ல?"

"நீ பேசாத!" என்று பாய்ந்தார் டீச்சர். "எந்த வீட்டுக்குப் போறேன்னு முதல்ல நீ சொல்லு. தம்பி, நீங்களாவது சொல்லுங்க. சொல்லிட்டா உங்க மேல பழியே இல்ல."

சொன்னால் தப்பிக்கலாம். எல்லோரும் லோகநாதனைப் பார்த்தார்கள். அவன் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணனாண்ட சத்தியம் பண்ணிகிறேன் டீச்சர்," என்றான்.

லூயிஸுக்கு அது பொறுக்கவில்லை. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். வெயிலில் தலை மின்னியது. நடுவில், கஷ்டப்பட்டுத் தேடினால் தெரிகிற மாதிரி, நாலைந்து பூனை முடி. "இதுக்குத்தான் பிலோமி. ராயபுரத்துல ஒரு தைலக் கடை. நம்ம கல்யாண நாளைக்கு மொளைக்கும்னான்."

டீச்சர் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கிட்டே போய் அந்த நாலு முடியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது புருசன் பொஞ்சாதி விசயம், முடிஞ்சுது," என்றார் பீம்ராவ். "வழுக்கைய மறைக்கக் குடுத்தாலும் லஞ்சம் லஞ்சம்தான். நீ ஆக்கு."

இத்தனை நேரமும் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்கு இன்னும் உப்பு போடவில்லை. லோகநாதன் உப்பு டப்பாவை எடுத்தான். பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு என்று மனசில் வகுக்கப் பார்த்தான். மாமனார் பார்வை ஒருபுறம், பெட்டி கட்டி வைத்திருக்கும் மனைவி ஒருபுறம், தன்னைத் தேடும் மேலிடத்து ஆள் ஒருபுறம். மனசு வகுத்து முடிப்பதற்குள் கை வழக்கம்போல ஒரு அள்ளு அள்ளிப் போட்டுவிட்டது.

முதல் கரண்டியைப் பீம்ராவ் வாங்கி வாயில் விட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. யூனியன் கூட்டங்களில் தடியடி பட்டபோதும் அழாதவர். அடுத்து டீச்சர். அடுத்து லூயிஸ், அவர் மரியாதைக்காக விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியாகச் சங்கமித்ரா ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா," என்றாள், "இத ஆக்குனவன சமையல்காரன்னு எவனும் நம்பமாட்டான்."

"அண்டா குடுத்திருந்தா..." என்றான் லோகநாதன். யாரும் கேட்கவில்லை. சங்கமித்ரா பெட்டியை எடுக்கப் படிப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அவன் அடுப்போரமாகவே உட்கார்ந்து, "வால்டர், நீயாவது சொல்லுடா," என்றான்.

அப்போதுதான் சாட்சியின் நினைப்பு எல்லோருக்கும் வந்தது. பீம்ராவ் வாயைக் கொப்பளித்துவிட்டு வால்டர் பக்கம் திரும்பினார்.

"யோவ், நீயும் அதே கேம்புல சமையல்காரன்தான? நெஞ்சுல கைய வெச்சு சொல்லு. எம் மாப்ள சமையல்காரனா, இல்ல ரகசியப் போலீசா?"

படியில் கால் வைத்திருந்த சங்கமித்ரா நின்றாள். வால்டர் திட்டிலிருந்து இறங்கி, கட்டுப் போட்ட விரலால் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"அவரு சமையல்காரருதான் சார், நாளைக்கு மேலிடத்துக்கு நான் எழுதப் போற ரிப்போர்ட்டும் அதான், இத்தினி நாளா அவர ஃபாலோ பண்ணிகினு கீற ரகசியப் போலீஸ் நானு."